காபட்டா, குழாயா, எல்லையா: ஒரு மலையக நகர சபையின் மூன்று கணக்குகள்

சபையில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கிற காலம் நெருங்கினால், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் மூன்று கட்சிகள் முளைத்துவிடும். சேவல், யானை, திசைகாட்டி என்ற தேர்தல் சின்னப் பேச்சு அங்கே எடுபடாது. ஒரு கட்சிக்குப் பாதையெல்லாம் தார்க் காபட் ஆக வேண்டும். இன்னொன்றுக்குக் குழாயில் தண்ணீர் வர வேண்டும். மூன்றாவது, நகர எல்லையைப் பக்கத்துத் தோட்டங்கள் வரை தள்ளிவிட வேண்டும் என்கிறது. மூன்றுமே நியாயம்தான். ஆனால் கல்லாப்பெட்டி ஒன்று. மதிப்பீட்டு வரி, சந்தைக் கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம், மாகாணம் வழியாக வந்து சேரும் முத்திரை வரி, நீதிமன்றத் தண்டப் பணம் என்று சில்லறையாகச் சேர்வதுதான் சின்ன நகர சபையின் சொந்த வருமானம். வருஷ வரியை ஜனவரி 31க்கு முன் மொத்தமாகக் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு என்று ஒலிபெருக்கியில் சொன்னாலும் கவுண்டரில் வரிசை நீளுவதில்லை.

முதலில் பாதை. பேச்சு சூடாவதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். அட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் குழி விழுந்தால் நகர சபைத் தவிசாளரைத் திட்டிப் பயனில்லை. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தரம் மாகாணத்துக்கு. சபையின் கைக்கு வருவது பள்ளிக்கூடத்துக்கு ஏறும் ஒழுங்கை, கோயில் வீதி, சந்தைக்குப் பின்னால் இறங்கும் சரிவு என்று துண்டு துண்டாகத்தான். ஊரே நடக்கிற பாதைகள் இவை. பத்திரிகையில் படம் வருவது மட்டும் பெரிய வீதிக்கு.

இந்தத் துண்டுகளுக்குக் காபட் போடுவதா, கொங்கிரீட் போடுவதா? காபட் பார்க்க அழகு, போட்ட அன்றைக்கே வாகனம் ஓடும், நாடா வெட்டவும் தோது. ஆனால் தாருக்குத் தண்ணீர் ஆகாது. வெடிப்புக்குள் இறங்கிய மழை அடிக்கல்லைக் கழுவிக்கொண்டு போய்விடும். மேலே ஒரு லொறி ஏறினால் போதும், குழி தயார். அதோடு, கொழுந்து லொறி பிரேக் பிடித்து இறங்கும் வளைவில் தார் மெல்ல மெல்லக் கீழே நகர்ந்து அலையலையாகச் சுருங்கும். கொங்கிரீட் நகராது. ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் மழையிலும் டயர் பிடிக்கும். அதன் சிக்கல் வேறு: ஒரு வாரமாவது சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும், முழுப் பலம் வர 28 நாள் என்பது கணக்கு. அவ்வளவு நாள் கடைக்கு முன்னால் பாதையை மூடி வைக்க யார் விடுவார்கள்? எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் நாளே முச்சக்கர வண்டி ஏறிவிட்டது. அந்த டயர்த் தடம் இன்னும் அப்படியே இருக்கிறது, மழைக்குக் குட்டிக் கால்வாய் மாதிரி.

சரி, சரிவுக்குக் கொங்கிரீட், சமதரைக்குத் தார் என்று முடித்துவிடலாம். ஆனால் இரண்டையும் விட மலிவான மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. தேநீர்க் கடையில் அதற்கு ஒரு ஓட்டும் விழுவதில்லை. அதுதான் கான், மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்.

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பா வருஷக்கணக்கில் கான் வெட்டுக்குப் பேர் போட்டவர். தேயிலை மலைக்குக் குறுக்கே லேசான சரிவில் கான் ஓடும். இடையிடையே குழி வைத்து மண்ணைப் பிடிப்பார்கள், மழை ஓய்ந்ததும் அதை அள்ளி மேலே செடியடியில் போடுவார்கள். "கான் அடைஞ்சா மலை கீழ போயிரும்டா" என்பார். நகரத்துக்கு வந்த பிறகு நான் பார்ப்பது, பாதைக்குத் தார் போட ஆள் இருக்கிறது, பாதையோரக் கானை அள்ள ஆள் இல்லை. மேட்டிலிருந்து வரும் தண்ணீர், போத்தலும் லன்ச் சீட்டும் அடைத்த மதகைப் பார்த்துவிட்டு, நடுப்பாதையிலேயே இறங்குகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையகப் பாதைகள் அறுந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த அளவு மழைக்கு எந்தக் கானும் ஈடுகொடுக்காது என்பது உண்மை. ஆனால் வருஷா வருஷம் மே மாதத்தில் தொடங்கும் சாதாரண தென்மேல் பருவ மழைக்குக்கூட நம் பாதை தாங்குவதில்லையே, அதற்குப் புயலைக் குற்றம் சொல்ல முடியாது. எனவே பாதைப் பணத்தில் பாதியாவது கானுக்கும் மதகுக்கும் போக வேண்டும். திறப்பு விழா இல்லாத வேலை, தெரியும்.

தண்ணீருக்கு வருவோம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கள் நகரம் குடிப்பது ஊற்றுத் தண்ணீர். நகர எல்லைக்கு வெளியே, தோட்டத்துக்கு மேலே உள்ள காட்டில் ஊற்று, அங்கிருந்து குழாய் வழியாகத் தாங்கிக்கு, தாங்கியிலிருந்து ஊருக்கு. பம்ப் இல்லை, மின்சாரச் செலவு இல்லை, எல்லாம் பள்ளத்தை நோக்கிய பாய்ச்சல். வால்வு திறக்கும் சபை ஊழியரை ஊரே வால்வு அண்ணன் என்றுதான் கூப்பிடும். ஒரு பெப்ரவரியில் அவரோடு நானும் ஏறினேன், இருபது லீட்டர் வாளியோடு. வாளி நிறைய 25 செக்கன் ஆனது. ஜூலையில் திரும்பவும் போனோம்: ஆறே செக்கன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 செக்கனுக்கு ஒரு வாளி என்றால் நாளொன்றுக்கு 69,000 லீட்டர் சொச்சம். ஆளுக்கு 120 லீட்டர் வைத்தால் ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் 576 பேருக்குத்தான் காணும். ஜூலைக் கணக்கிலோ 2,400 பேருக்குப் போதும். அப்படியானால் மழை மாதத்தில் மிஞ்சுவதைப் பிடித்து வைத்து வரட்சிக்குத் தரலாமே என்று அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, அதுக்குத் தாங்கி இல்ல, ஏரிதான் கட்டணும்" என்றார். மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில். அத்தனை வாரத்துக்குச் சேமிப்பது சின்ன சபையின் சக்திக்கு மீறியது. ஆகவே ஊற்றுக்கு மேலே உள்ள காட்டைக் காப்பதும், வழியில் ஒழுகுவதை நிறுத்துவதும்தான் கைக்கு எட்டுகிற வேலை.

ஒழுகுவதற்கும் காரணம் மலைதான். பத்து மீற்றர் இறக்கத்துக்கு ஒரு பார் அழுத்தம் ஏறும். தாங்கியிலிருந்து எண்பது மீற்றர் கீழே இருக்கிற வீட்டில் எட்டு பார், வாஷர் பறந்துவிடும். தாங்கிக்கு அருகில் மேட்டில் இருப்பவருக்குக் குழாய் காற்றுத்தான் விடும். இடையில் ஒரு சின்ன இடைத்தாங்கி கட்டி அழுத்தத்தை உடைத்தால் இரண்டு வீட்டுச் சண்டையும் தீரும். ஒரு ஒழுங்கைக்குக் காபட் போடுகிற காசுக்கு இப்படி எத்தனை கட்டலாம் என்பதை உறுப்பினர்கள் விலை கேட்டாவது பார்க்கட்டும்.

இந்தத் தண்ணீரை யார் நடத்துவது என்பதில்தான் உண்மையான போட்டி. சபையே வைத்திருப்பது ஒரு வழி. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்குக் கொடுத்துவிடுவது இரண்டாவது. பாவனையாளர் சங்கம் அமைத்து ஊரே நடத்துவது மூன்றாவது. வடிகாலமைப்புச் சபை வந்தால் மீட்டர் வரும், தண்ணீர்ப் பரிசோதனை ஒழுங்காக நடக்கும், பொறியியலாளர் வருவார். கூடவே பில்லும் வரும். 2022லும் 2023லும் நீர்க் கட்டணம் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் வந்தாலும் பெப்ரவரியில் ஊற்று கூடுதலாகச் சுரக்கப் போவதில்லை. கீழே ஆற்றிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்குப் பம்ப் வேண்டும். காசல்ரீயும் மவுசாக்கலையும் தலவாக்கலையின் மேல் கொத்மலையும் கண்ணுக்கு முன்னால் தளும்பி நிற்கும்போது குழாயில் காற்று வருவது யாருக்கும் எரிச்சல்தான். ஆனால் அவை மின்சாரத்துக்குப் பிடித்த தண்ணீர். மேல் கொத்மலை மட்டும் 150 மெகாவாட்.

சங்கம் சின்னத் தோட்டப் பிரிவுக்குச் சரிவரும். பத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஒரு பீலிக் குழாய் என்றால் யார் அதிகம் பிடித்தார் என்று எல்லோருக்கும் தெரியும். கடை, ஹோட்டல், விடுதி என்று ஆளை ஆள் தெரியாத நகரத்தில் சங்கம் முதல் வரட்சியிலேயே இரண்டாக உடையும். என் கட்சி இதுதான்: சபையே வைத்துக்கொள்ளட்டும், ஆனால் மீட்டரோடு. இப்போது விடுதிக்காரரும் கிழவியும் ஒரே மாதக் கட்டணம் கட்டுகிறார்கள். குளோரினைக் கையளவில் போடுவதை விட்டு, பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எடுத்த பரிசோதனை முடிவை மாதாமாதம் சபைப் பலகையில் ஒட்டட்டும். இந்த இரண்டையும் இரண்டு வருஷத்தில் செய்ய முடியாத சபை, மரியாதையாக வடிகாலமைப்புச் சபையிடம் சாவியைக் கொடுத்துவிடலாம்.

எல்லைக் கட்சியின் வாதம் இங்கேதான் நுழைகிறது. ஊற்று எல்லைக்கு வெளியே இருப்பதால்தானே தொல்லை, அந்தத் தோட்டத்தையே நகரத்துக்குள் எடுத்துவிடுவோம் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லை மாறினால் காணி மாறாது. தோட்டக் காணி அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு குத்தகைக்கு எடுத்த கம்பனிகளின் கையில் இருக்கிறது. வர்த்தமானியில் கோடு எங்கே போனாலும், ஊற்றுக்கு மேலே மரம் வெட்டாமலும் மருந்து அடிக்காமலும் இருக்கக் கம்பனியிடம்தான் உடன்படிக்கை வாங்க வேண்டும். அதை இன்றைக்கே கேட்கலாம். தவிர, எல்லையை மாற்றுவது சபையின் கையில் இல்லை, அமைச்சரின் கையில். சபை தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டுக் காத்திருக்கத்தான் முடியும்.

ஆனாலும் இந்த ஆசையின் வேரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. நகர எல்லைக்கு வெளியே உள்ள தோட்டங்கள் பிரதேச சபையின் கீழ் வரும். ஆனால் 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக நின்றது. லயத்து ஆட்கள் வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்புவார்கள், அவரால் லயத்து வாசலுக்கு ஒரு விளக்குப் போட முடியாது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி நின்றவர்களுக்கு, நகரத்துக்குள் வந்தால்தான் மனிதராக எண்ணப்படுவோம் என்று தோன்றியதில் என்ன தப்பு?

அதே காலத்தில் இன்னொரு வழியும் நடந்து காட்டப்பட்டது. அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகளைப் பிரித்து மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரபத்தனை சேர்த்து ஆறாக்கினார்கள். நகரத்தை ஊதிப் பெருக்காமல், சபையைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்த வேலை. எனக்கு இது விரிவாக்கத்தை விட நல்லதாகவே படுகிறது. நகர எல்லைக்குள் வந்த லயத்துக்கு வரி யார் பெயரில் எழுதுவது? காணி உறுதி இல்லாத வீட்டுக்கு மதிப்பீடு எப்படி? ஏழு பேர்ச்சில் தனி வீடு கட்டி, நகரத்துப் பள்ளிக்கூடம், நகரத்துச் சந்தை என்று வாழ்கிற பக்கத்துக் குடியிருப்புகளை மட்டும் எடுத்தால் சரி. மலை முழுவதையும் எடுத்தால் சரிவில் கடையும் மாடியும் ஏறும். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்சரிவில் லயத்தோடு மண்ணுக்குள் போனவர்களை நினைத்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கையில் இல்லாமல் ஓர் அடிகூட எல்லையை நகர்த்தக் கூடாது.

வரிசையிலும் ஒரு கூத்து உண்டு. எங்கள் கோயில் வீதியில் முதலில் கொங்கிரீட் போட்டார்கள், அடுத்த வருஷம் அடியில் குழாய் ஒழுகி அதே கொங்கிரீட்டை உடைத்தார்கள். எனவே கான், குழாய், அப்புறம் பாதை, கடைசியில் எல்லை. இந்த வருஷப் பணம் முதல் இரண்டுக்கும் போகட்டும். எல்லைக்கு இப்போதைக்குச் செலவு ஒரு கடிதம்தான்.

ஊர் முடிகிற இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதன் இந்தப் பக்கம் நகர சபையின் வரவேற்புப் பலகை, அந்தப் பக்கம் பிரதேச சபையின் பலகை. மதகுக்குள் மண் அடைத்து, அதில் ஒரு கொய்யாச் செடி முளைத்து, போன மாதம் பார்த்தபோது இடுப்பளவு வளர்ந்திருந்தது.