ஒரே வரவு இரண்டு தடவை: என் ஸ்மார்ட் பேண்டின் கலோரிக் கணக்கு

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டரை வரை நாற்காலிதான். வயது 46, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. தீபாவளிக்கு எடுத்த சட்டை பொங்கலுக்குப் பட்டன் போட வரவில்லை. மகன் 2,499 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட் பேண்ட் வாங்கிக் கொடுத்தான்; நடையையும் நாடியையும் கணக்கெடுக்க மணிக்கட்டில் கட்டும் பட்டை. கம்பெனி பெயர் வேண்டாம். ஐந்து மாதமாகக் கையில் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் ஒன்பது நாள் நிற்கிறது. நாடித்துடிப்பைக் கழுத்தில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன், இரண்டு மூன்றுதான் வித்தியாசம். பட்டை மட்டும் சித்திரை வெயிலில் வியர்த்து அரிக்கிறது.

தகராறு கலோரியில்.

விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடி குளம். ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கி.மீ. நாலு சுற்று, 55 நிமிடம். முடித்ததும் பேண்ட் லேசாக அதிர்ந்து 412 கலோரி என்று காட்டும். போனஸ் வந்த மாதிரி இருக்கும். போனில் இருக்கும் ஆப் அதை அப்படியே அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைத்துவிடும். வரவுதான் இருக்கிறதே என்று திரும்பும் வழியில் கருப்பட்டி மணக்க ஒரு பருத்திப்பால், இரவு கூடுதலாக ஒரு பரோட்டா. சால்னாவை நான் எழுதியதே இல்லை. இரண்டு மாதம் கழித்து எடை 84.9.

“நடக்காம இருந்தப்பவே தேவலையேங்க” என்றாள் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆப்பின் கணக்கைப் பிரித்தேன். மிஃப்ளின் சூத்திரம் என்று ஒன்று. எடையை 10 ஆலும் உயரத்தை 6.25 ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5 ஆல் பெருக்கிக் கழித்து, ஆணாக இருந்தால் 5 கூட்ட வேண்டும். எனக்கு 1,665. சும்மா படுத்துக் கிடந்தாலே ஒரு நாளைக்கு உடம்பு எரிப்பது அது. நாற்காலி வேலைக்கு 1.2 ஆல் பெருக்கினால் 1,998. ஆனால் முதல் நாள் ஆப் கேட்டபோது, தினமும் நடக்கப்போகிறோமே என்று ‘மிதமான உழைப்பு’ என்பதைத் தட்டியிருந்தேன். அதற்குப் பெருக்கல் 1.55, ஆக 2,581. நடைக்கான செலவு அங்கேயே சேர்ந்துவிட்டது. எடை குறைய அதில் 500 கழித்து 2,081 சாப்பிடச் சொன்னது. அதன்மேல் பேண்ட் தினமும் 412-ஐ மறுபடி ஏற்றி 2,493 ஆக்கியது. எங்கள் கடையில் ஒரே பில்லை இப்படி இரண்டு தடவை எழுதினால் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அந்த 412-ம் சுத்தமில்லை. அந்த 55 நிமிடம் நான் படுத்திருந்தாலும் எரிந்திருக்கக்கூடிய அறுபது சொச்சமும் அதில் அடக்கம். என் எடைக்கும் வேகத்துக்கும் நடையால் கூடுதலாகச் செலவாவது 200 பக்கம்தான்.

விலை கூடிய பேண்டும் இதில் நம்பத் தகுந்ததல்ல. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் நின்றன. கலோரியில், இருந்ததிலேயே நல்லது சராசரியாக 27 சதவீதம் தவறியது; மோசமானது 93.

அப்புறம் ஆப்பில் ‘உட்கார்ந்த வேலை’ என்று மாற்றி, உடற்பயிற்சியை வரவு வைக்கும் வசதியை அணைத்தேன். 1,998-ல் 500 போகத் தினம் ஏறத்தாழ 1,500. நடந்த நாளில் மட்டும் 100 கூட: ஒரு அவித்த முட்டை, ஒரு கை சுண்டல். அதையும் கொடுக்காமல் இருக்கலாமே என்று ஒரு தடவை கஞ்சத்தனம் செய்தேன். அழகர்மலையில் ராக்காயி அம்மன் கோயில் வரை ஏறி இறங்கிவிட்டு வழக்கமான அளவோடு நிறுத்தினேன். இரவு பத்து மணிக்குக் கொத்துப் பரோட்டாக் கடையில் நின்றேன். இப்போது மலை ஏறும் நாளில் 300 வரை தாராளம். சுகருக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இப்படிக் குறைக்க வேண்டாம். நடக்கும்போது சர்க்கரை இறங்கித் தலைசுற்றலாம்.

பேண்டைவிட எனக்கு உதவியது 350 ரூபாய்க்கு வாங்கிய அடுப்படித் தராசு. மூன்று தோசைக்கு ஊற்றும் எண்ணெயை நிறுத்துப் பார்த்தால் 20 கிராம். கிராமுக்கு 9 வீதம் 180 கலோரி. என் நாலு சுற்று நடையும் தோசைக்கல்லிலேயே போய்க்கொண்டிருந்தது. “தராசைத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க” என்று முதல் வாரம் சண்டை. இப்போது அவளே நிறுக்கிறாள்.

பத்து வாரத்தில் 81.1 கிலோ. பேண்டுக்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். காலடி எண்ணவும் நாடி பார்க்கவும் சரி. ஆனால் 1,500 ரூபாய்க்குமேல் கொடுக்காதீர்கள். போன வாரம் புது எடையை ஆப்பில் ஏற்றினேன். அதே நாலு சுற்றுக்கு இப்போது 398 தான் காட்டுகிறது.