கதவுப் பக்கம் போனால்தான் அடங்கும் அலாரம்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

நிரல் ஏற்றி ஓட்டும் சிறு போர்டான ஆர்டுயினோ நானோ, நேரம் காக்கும் டிஎஸ்3231 ஆர்டிசி மாட்யூல், உடல் வெப்பத்தால் அசைவைக் கண்டறியும் எச்சி-எஸ்ஆர்501 பிஐஆர் சென்சார், டிஎம்1637 நான்கு இலக்க டிஸ்ப்ளே, மின்சாரம் கொடுத்தாலே ஒலிக்கும் ஆக்டிவ் பஸர் ஒன்று. இந்த அலாரத்துக்கு வேண்டியது இவ்வளவுதான். எல்லாமே சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைக்கும். இதில் ஸ்னூஸ் கிடையாது, அணைக்கும் பட்டனும் கிடையாது. நேரம் வந்ததும் கத்தும். எழுந்து அறையின் கதவுப் பக்கம் போய் நடமாடினால்தான் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்துவிடலாம். ஆனால் தினமும் இதை நம்பி எழ வேண்டும் என்றால் சில இடங்களைச் சரியாகச் செய்தே ஆக வேண்டும்.

முதலில் சென்சார் இருக்கும் இடம். கடிகாரத்தோடு சேர்த்து ஒரே பெட்டிக்குள் வைத்தால் படுத்தபடியே கையை ஆட்டி அணைத்துவிடலாம், அதற்கு இந்த வேலையே தேவையில்லை. சென்சாரை மட்டும் மூன்று இழை வயரில் கதவருகே கொண்டு போங்கள். மூன்று நான்கு மீட்டர் வரை தொந்தரவு இல்லை. பிஐஆர் தன்னை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரையே நன்றாகப் பிடிக்கும். அதனால் கதவுக்கு எதிரே வைக்காமல் பக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில், கட்டில் பார்வையில் படாதபடி திருப்பி வையுங்கள். முன்னால் கண்ணாடியோ அக்ரிலிக்கோ போட்டு மூடினால் வேலை செய்யாது, உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிர் அவற்றைத் தாண்டி வராது.

சென்சார் போர்டில் ஒரு ஜம்பரும் (இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் தொப்பி) இரண்டு திருகுகளும் இருக்கும். ஜம்பரை 'எச்' பக்கம் போடுங்கள். ஆள் அசைந்துகொண்டிருக்கும் வரை அவுட்புட் தொடர்ந்து ஹையாக, அதாவது 'அசைவு உண்டு' என்ற நிலையில், இருக்கும். நேரத் திருகைக் குறைந்தபட்சத்துக்கு, ஏறக்குறைய 3 விநாடிக்கு, இறக்கிவிடுங்கள். 'எல்' பக்கம் இருந்தால் ஒவ்வொரு முறை ஹை ஆன பின்னும் லோ ஆகி, சில விநாடிகள் எதையும் பார்க்காது. இதனால் கீழே சொல்லும் கணக்கு தப்பிப் போகும்.

அந்தக் கணக்குதான் கடிகாரத்தின் உயிர். ஒரே ஒரு ஹை வந்ததும் அலாரத்தை நிறுத்தும் நிரல்களே பரவலாகப் புழங்குகின்றன. அவை ஏமாற்றும். பஸர் ஒலிக்கத் தொடங்கும் நொடியில் மின்னழுத்தம் சற்றே தொய்யும், அதைச் சென்சார் அசைவு என்று எடுத்துக்கொள்ளும். கத்திய வேகத்தில் அலாரம் தானே அடங்கிவிடும், தூங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. இதற்கு இரண்டு மருந்து. சென்சாரின் பவர் கால்களுக்கு (பின்களுக்கு) அருகிலேயே 470 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். நிரலில், ஒலிக்கத் தொடங்கிய முதல் 10 விநாடிகளுக்குச் சென்சாரைப் பார்க்கவே வேண்டாம். அதன் பிறகு கடைசி 45 விநாடிகளில் மொத்தம் 20 விநாடியாவது ஹை இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். வீட்டில் யாரும் இல்லாத நாளில் பக்கத்து வீட்டார் அவதிப்படாமல் இருக்க, 10 நிமிட உச்சவரம்பும் வேண்டும்.

அணைந்து 10 நிமிடம் கழித்து மறுபடி அசைவு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திரும்பக் கத்தும் வசதியைச் சிலர் சேர்க்கிறார்கள். அது வேண்டாம் என்பதே என் கருத்து. எழுந்தவர் சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருக்கும்போது, காலி அறையில் கத்தி மற்றவர்களை எழுப்பும்.

நானோவின் உள்ளீட்டுக் காலில் 10 கே (கிலோ ஓம்) புல்-டவுன், அதாவது காலைக் கிரவுண்டோடு இணைக்கும் ரெசிஸ்டர், போடும் பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே அது கெடுதல். இந்தச் சென்சாரின் அவுட்புட் 3.3 வோல்ட், அதுவும் ஒரு ரெசிஸ்டர் வழியாகவே வருகிறது. 5 வோல்ட்டில் ஓடும் நானோவின் சிப் ஹை என்று உறுதியாக ஏற்க 3 வோல்ட் வேண்டும். 10 கே போட்டால் அந்த விளிம்புக்கே இறங்கிவிடும். 100 கே போடுங்கள். வயர் அறுந்தாலும் கால் அந்தரத்தில் தொங்கிப் பொய்யான ஹை காட்டாது. பஸரை டிரான்சிஸ்டர் வழியாக ஓட்டுங்கள், பிசி547-உம் அதன் பேஸ் காலில் 1 கே ரெசிஸ்டரும் போதும்.

நேரத்துக்கு டிஎஸ்1307 என்ற பழைய ஆர்டிசியை வாங்காதீர்கள். அறை வெப்பம் மாற மாற அதன் கிரிஸ்டல் விலகும். டிஎஸ்3231 வெப்பத்தை அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும், எஸ்என் ரகம் ஆண்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பெரிதாகத் தவறாது. விலை குறைந்த மாட்யூல்களில் அடிக்கடி வருவது எம் ரகம். அதில் ஆண்டுக்கு இரண்டரை நிமிடம் வரை போகலாம், அலாரத்துக்கு அது பொருட்டில்லை. பொருட்படுத்த வேண்டியது பேட்டரி. பரவலாகக் கிடைக்கும் நீல நிற மாட்யூலில் ரீசார்ஜ் செல்லுக்கான சார்ஜிங் சுற்று இருக்கிறது. அதில் சாதாரண சிஆர்2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால், சார்ஜ் ஏற்றக் கூடாத செல்லுக்கு இரவும் பகலும் சார்ஜ் ஏறும். செல் உப்பும், ஒழுகும். டயோடுக்குப் பக்கத்தில் 201 என்று பொறித்த சின்ன ரெசிஸ்டரைச் சால்டரிங் அயர்னால் கழற்றிவிடுங்கள், தீர்ந்தது.

நிரலில் காலம் கடந்து வெளிவரும் பிழைகள் மூன்று. நிரல் கம்பைல் ஆன (கணினியில் தயாரான) நேரத்தை ஆர்டிசியில் ஏற்றும் வரியை, தொடக்கத்தில் ஓடும் செட்டப் பகுதியில் அப்படியே விட்டால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் அப்லோடு செய்த நேரத்துக்கே திரும்பும். ஒருமுறை ஏற்றியதும் அந்த வரியை நீக்கி மறுபடி அப்லோடு செய்யுங்கள், அல்லது ஆர்டிசி பவர் இழந்ததாகச் சொன்னால் மட்டும் ஓடும்படி வையுங்கள். அடுத்து, மணி, நிமிடம், விநாடி மூன்றும் சமமா என்று ஒப்பிட்டால், திரும்பத் திரும்ப ஓடும் லூப் பகுதி எங்காவது தாமதித்த அன்று அந்த விநாடி கைநழுவும், அலாரமே அடிக்காது. மணியும் நிமிடமும் ஒத்து, இன்று இன்னும் அடிக்கவில்லை என்றால் அடி என்று எழுதுங்கள். மூன்றாவது, நானோ ஓடத் தொடங்கியதிலிருந்து மில்லிவிநாடிகளை எண்ணும் மில்லிஸ் எண்ணிக்கை சுமார் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். இப்போதைய மதிப்பிலிருந்து தொடங்கிய மதிப்பைக் கழித்து ஒப்பிட்டால் சிக்கல் வராது, கூட்டி ஒப்பிட்டால் வரும்.

கரண்ட் போனால் நேரம் கெடாது, ஆனால் அலாரம் ஒலிக்காது. பவர் பேங்க் உதவாது, இவ்வளவு சிறிய லோடைக் கண்டால் பல பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும். வைஃபை ரூட்டருக்கான 12 வோல்ட் மினி யுபிஎஸ் நல்ல வழி. அதை நானோவின் வின் காலில் (வெளி மின்சாரம் ஏற்கும் பின்) நேரே கொடுத்தால் நானோவின் சின்ன ரெகுலேட்டர் சூடேறும். நடுவில் 5 வோல்ட்டுக்குத் திருத்திய பக் கன்வெர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் போர்டு) ஒன்றைப் போட்டு, அதை நானோவின் 5 வோல்ட் காலில் கொடுங்கள்.

மே மாதத்தில் சென்சார் மந்தமாகும். அறையின் வெப்பம் தோலின் வெப்பத்தை நெருங்க நெருங்க, அது பார்க்கும் வேறுபாடு சுருங்குகிறது. அப்போது சென்சிடிவிட்டி திருகைக் கொஞ்சம் கூட்டி, மழைக்காலத்தில் குறைத்துவிடுங்கள். இதற்காக ஆர்சிடபிள்யூஎல்-0516 ரேடார் சென்சாருக்கு மாறலாமா என்றால், சீலிங் ஃபேன் ஓடும் அறையில் கூடாது. ஃபேன் இறக்கையையும் மெல்லிய சுவருக்கு அப்பால் நடப்பவரையும் அது அசைவு என்றே சொல்லும்.

சுற்றைப் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் வயரைச் செருகும் பலகை) விட்டுவிடாதீர்கள். நாளடைவில் ஜம்பர் வயர்கள் தளர்ந்து, முதலில் டிஸ்ப்ளே அரைகுறையாக எரியும். துளையிட்ட டாட் போர்டில் பற்றவைத்து, நானோவுக்கு மட்டும் கழற்றி மாட்டும்படி பெண் ஹெடர் (சாக்கெட்) வையுங்கள். டிஎம்1637-இன் குறைந்தபட்ச வெளிச்சமே இருட்டறையில் கண்ணைக் கூசும், இரவு 10 முதல் அலாரம் வரை நிரலிலேயே அணைத்துவிடுவது நல்லது. லென்ஸில் படியும் தூசியை மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள், அதன் மேல் ஊரும் பூச்சிகூடச் சென்சாரைத் தட்டிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை பிளக்கையும், யுபிஎஸ் இருந்தால் அதன் வயரையும் பிடுங்கி ஒரு மணி நேரம் கழித்துச் செருகிப் பாருங்கள். நேரம் தவறாக இருந்தால் செல்லை மாற்ற வேண்டும். பிளக் செருகியிருக்கும்போதே மாற்றினால் நேரத்தைத் திரும்ப ஏற்றும் வேலை மிச்சம்.