பல்ஸ் லேசரில் ஆக்சைடு நுண்தூள்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

நியோடிமியம் யாக் என்ற படிக லேசரை வைத்து அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) நுண்தூள் தயாரிப்பதுதான் சில வருடங்களாக என் வேலை. 1064 நானோமீட்டர் அலைநீளம், வினாடிக்கு 10 பல்ஸ் (ஒளித்துடிப்பு), ஒவ்வொன்றும் சில நானோநொடி நீளம். லேசரின் சக்தி எவ்வளவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தூளின் தரம் அதைவிட அறைக்குள் இருக்கும் வாயு அழுத்தத்தையும், லேசர் அடிக்கும் பொருளான டார்கெட்டின் மேற்பரப்பையும் நம்பியிருக்கிறது என்பேன்.

பல்ஸ் பட்ட இடம் ஆவியாகி, மின்னூட்டம் பெற்ற சூடான வாயுவான பிளாஸ்மாவாகக் கிளம்பும். சுற்றியுள்ள வாயுவில் மோதிக் குளிர்ந்து துகளாகும். அழுத்தத்தைக் கூட்டினால் ஆவி பரவ முடியாமல் நெருங்குவதால் துகள் பெரிதாகிறது, குறைத்தால் சிறிதாகிறது. ஒரு வால்வைத் திருகியே அளவை மாற்றலாம் என்பது இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது.

தலைவலி, தெறிக்கும் சொட்டுகள். ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருந்தால் பள்ளம் விழுந்து, உருகிய பொருள் மைக்ரான் அளவு சொட்டுகளாகத் தெறிக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பொடித் துகள்களுக்கு நடுவே வழவழப்பான பெரிய உருண்டைகள் தெரிந்தால் அதுதான் காரணம். டார்கெட் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், அவ்வப்போது தேய்த்துச் சமமாக்கவும் வேண்டும். கலந்துவிட்ட உருண்டைகளைத் திரவத்தில் கலக்கி அடியில் படியவிட்டுப் பிரிக்கலாம்.

அலுமினா வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் படிக அமைப்பில் பல வகை உண்டு. டார்கெட் ஆல்ஃபா வகையாக இருந்தாலும், சட்டென்று குளிர்வதால் தூளில் பெரும்பாலும் காமா போன்ற வகைகளே வரும். ஆல்ஃபாதான் வேண்டுமென்று 1100 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினால் துகள்கள் ஒட்டி வளர்ந்துவிடும். பட்ட பாடெல்லாம் வீண். டைட்டானியா அவ்வளவு படுத்தாது. ஆர்கான் வாயுவில் ஆக்சிஜனை இழந்து நீலச்சாம்பலாக வந்தாலும், காற்றில் சூடேற்றினால் வெளுத்துவிடும்.

பராமரிப்பில் நேரத்தை விழுங்குவது லேசர் நுழையும் கண்ணாடி. அதில் தூள் படிந்தால் டார்கெட்டுக்குப் போகும் ஆற்றல் குறைவதோடு, கண்ணாடியே சேதமாகலாம். வாயுவை அதன் முன்னால் ஓடவிட்ட பிறகு எவ்வளவோ பரவாயில்லை. லேசருக்கு ஆற்றல் ஊட்டும் ஃபிளாஷ் விளக்கும் தேய்ந்துகொண்டே வரும். இந்த வேகத்தில் மணிக்கு 36,000 பல்ஸ் ஓடுகிறதே.

விளைச்சல் மில்லிகிராம் கணக்குதான். கிலோ கணக்கில் வேண்டுபவர்களுக்குச் சுடரில் எரித்துத் தூளாக்கும் சுடர் முறையே சரி. ஆனால் மூல வேதிப்பொருள்களிலிருந்து வரும் குளோரைடு, நைட்ரேட் மிச்சம் இல்லாத சுத்தமான தூள் வேண்டுமென்றால் லேசரைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். வெற்றிட அறை இல்லாதவர்கள் துத்தநாகத் தகட்டைச் சில மில்லிமீட்டர் நீருக்கடியில் வைத்துத் தொடங்கலாம், துத்தநாக ஆக்சைடு கிடைக்கும். நீர் கலங்கக் கலங்க மிதக்கும் துகள்களே ஒளியை மறைத்துக்கொள்ளும் என்பதால் நீரை ஓடவிடுங்கள்.