ஸ்தோத்திரக் குறிப்பேடு: வலப்பக்கப் பத்திக்காகவே வாங்கலாம்

வேலூரில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் வாங்கிய, அன்றாடம் நன்றிகளை எழுதிவைப்பதற்கான ஸ்தோத்திரக் குறிப்பேட்டை, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் தொடங்கி அறுப்பின் பண்டிகை வரை பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். விலை 180 ரூபாய். கெட்டி அட்டை; நாளுக்கு ஒரு பக்கம்; தலைப்பில் ஒரு வசனம்; அதன் கீழே இரண்டு பத்திகள். இடப்பக்கம் ‘கர்த்தருக்கு’ என்றும் வலப்பக்கம் ‘மனிதருக்கு’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். வலப்பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரிடம் நேரில் சொல்லியாயிற்றா என்று குறிக்க ஒரு சிறு கட்டம் உண்டு. கொடுத்த பணம் அந்தக் கட்டத்துக்கே தகும்.

கர்த்தருக்கு நன்றி செலுத்த நம் சபையாருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிறந்தநாள், திருமண நாள், பிள்ளையின் தேர்வு முடிவு, அறுவை சிகிச்சையில் கிடைத்த சுகம் என ஒவ்வொன்றுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை உறை தவறாமல் வந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சிகிச்சைக்கு இரத்தம் கொடுத்தவரையும், இரவில் படுக்கை விரிப்பை மாற்றிய செவிலியரையும், விடுதி அடுப்பில் நோயாளிக்கெனத் தனியே கஞ்சி வைத்துக் கொடுத்த அம்மாவையும், ‘எல்லாம் கர்த்தர் செய்தது’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதில் பக்தி இருக்கிறது. கொஞ்சம் சௌகரியமும் இருக்கிறது என்பது என் சந்தேகம். அப்போஸ்தலன் பவுல் அப்படிக் கடந்து போகவில்லை. ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில், தமக்காகத் தங்கள் உயிரையே பணயம் வைத்த பிரிஸ்கில்லாளுக்கும் ஆக்கில்லாவுக்கும், தாம் மட்டுமன்றிப் புறஜாதியாரின் சபைகள் அனைத்தும் நன்றி கூறுவதாகப் பெயர் சொல்லியே எழுதுகிறார்.

காலியாக நிற்கும் கட்டங்கள் உறுத்துவதால் தொலைபேசியை எடுக்க வேண்டியதாகிறது. காட்பாடியில் ஓய்வில் இருக்கும் என் பள்ளி ஆசிரியரை அழைத்து நன்றி சொன்னபோது, அவர் கூச்சப்பட்டுப் பேச்சை மாற்றி, உங்கள் பக்கம் மழை உண்டா என்று விசாரித்தார். கட்டத்தில் குறியிட்டேன்.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் இயேசுவால் சுகமான பத்துக் குஷ்டரோகிகளுக்கு ஒதுக்கிய பக்கத்தில் மட்டும் குறிப்பேட்டோடு எனக்கு உடன்பாடில்லை. நன்றி சொல்லத் திரும்பி வந்த ஒரே ஒருவனான சமாரியனைப் புகழ்ந்துவிட்டு, மற்ற ஒன்பது பேரையும் நன்றிகெட்டவர்கள் என்று சாடுகிறது. ஆசாரியரிடம் போய்க் காண்பிக்கும்படி சொன்னவர் இயேசுவே. ஆசாரியர் சுத்தமானவன் என்று அறிவிக்காமல் அவர்கள் வீடு திரும்ப முடியாது. அந்த அவசரம் வேலூர்க்காரர்களுக்குப் புரியாததல்ல. 1940களின் இறுதியில் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கியபோது, கை சரியானவர்களையும் ஊர் ஏற்கத் தயங்கியது. அவர்களுக்குத் தொழில் கற்றுத்தரவும் வேண்டியிருந்தது. சமாரியன் திரும்பி வந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது, ஒன்பது பேரின் ஏக்கத்தையும் அறிந்தவருக்கே தெரியும். ‘மற்ற ஒன்பதுபேர் எங்கே’ என்று இயேசு கேட்ட கேள்வியை அப்படியே விட்டிருக்கலாம், வசவு தேவையில்லை.

வசனத் தேர்விலும் ஒரு குறை உண்டு. செழிப்பும் ஜெயமும் பேசும் வசனங்களே பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. அத்திமரம் துளிர்விடாமல் போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்ற ஆபகூக்கின் ஜெபம் எங்கும் இல்லை. பாலாறு வறண்டு கிடந்த கோடைகளை அறிந்த மாவட்டத்தில் விற்கும் குறிப்பேட்டில் முதலில் இடம்பெற வேண்டியது அதுதான். துக்க வீட்டிலிருந்து திரும்பிய இரவில், அன்றைய வசனத்தைத் தாளால் மறைத்துக்கொண்டுதான் என்னால் எழுத முடிந்தது. ஆனால் வலப்பக்கப் பத்தியில், பாடை தூக்கியவர்களின் பெயர்களுக்கே இடம் போதவில்லை.

தாள் மெல்லியது. மைப்பேனாவின் மை மறுபக்கம் ஊறுகிறது, பால்பாயிண்ட் பேனாவே ஏற்றது. வசனங்களின் எழுத்து மிகச் சிறியதாக இருப்பதால், வயதில் மூத்தவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் கடையிலேயே ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்த்து வாங்குவது நல்லது.