டிகிரியா, ரேடியனா?

மொரீஷியஸில் எச்.எஸ்.சி. (பள்ளி இறுதித் தேர்வு) கணிதம் எடுக்கும் நம் பிள்ளைகள் பலர், கோணத்தை அளக்கும் இன்னொரு அலகான ரேடியன் என்றாலே மிரள்கிறார்கள். டிகிரி சின்ன வயதிலிருந்தே பழக்கம். 360-ஐ 2, 3, 4, 5, 6 எல்லாம் மீதியில்லாமல் வகுக்கும். முக்கோணம் வரையவும் நிலம் அளக்கவும் அதுவே வசதி.

ஆனால் 360 நாமாக வைத்துக்கொண்ட எண். ரேடியன் வட்டத்துக்குள்ளிருந்தே வருகிறது. ஆரத்தின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி வட்டத்தின் விளிம்போடு வளைத்து வையுங்கள். அது மையத்தில் உண்டாக்கும் கோணம்தான் 1 ரேடியன், சுமார் 57.3 டிகிரி. அலகு வட்டத்தில் ஆரம் 1 என்பதால் வில்லின் நீளமும் கோணமும் ஒரே எண். முழுச் சுற்று 2 பை, அதாவது ஏறக்குறைய 6.28.

நம் போர்ட் லூயியையே பாருங்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 20 டிகிரி. தூரம் எவ்வளவு? 20-ஐ வைத்து நேராகச் சொல்ல முடியாது. 0.349 ரேடியன் என்று மாற்றி, பூமியின் ஆரமான 6,371 கிலோமீட்டரால் பெருக்குங்கள்: ஏறத்தாழ 2,224 கிலோமீட்டர். எவ்வளவு அழகு!

வகையீட்டுக்கு, அதாவது ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்க்கும் கணக்குக்கு, வந்தால் போட்டியே இல்லை. ரேடியனில் சைனின் வகையீடு கொசைன், அவ்வளவுதான். டிகிரியில் ஒவ்வொரு தடவையும் பை/180 கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

அப்புறம், கால்குலேட்டர். அது ரேடியனில் இருக்கும்போது சைன் 30 அடித்தால் 0.5 வராது, −0.988 வரும். பரீட்சையில் முதல் கணக்கைத் தொடும் முன்பே அதைச் சரிபார்த்துவிடுங்கள்.