கரண்டு போனால் என்ன மிஞ்சும்? சேலில் வாங்குமுன் ஒரு பேச்சு

கணினி கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலை குறைந்திருக்கிறது. "அண்ணே, இண்டியில எது, ஆர்.பி.ஜி.யில எது வாங்கலாம்?" என்று தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இண்டி என்றால் சிறு குழுவோ ஒற்றை ஆளோ செய்த கேம், ஆர்.பி.ஜி. என்றால் ஒரு கதாபாத்திரமாகவே வாழ்ந்து ஆடும் கேம். படம் எப்படி, கதை எப்படி என்பதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காரைக்குடி வட்டாரத்தில் உட்கார்ந்து விளையாடுகிறவர் கேட்க வேண்டியது வேறு: இந்த கேம் எந்த நிமிடத்தில் சேவ் ஆகிறது?

மாதாந்திரப் பராமரிப்பு என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துவார்கள், அதில் சிக்கல் இல்லை. கோடை மழைக்கு முன் காற்றடித்து, சொல்லாமல் போய், அரை நிமிடத்தில் திரும்பி வருமே, அந்தக் கரண்டுதான் எமன். அந்த அரை நிமிடத்தை வைத்து எடை போட்டால், பல வருடங்களாக எரிச்சல் தீராத கேம் ஒன்று உண்டு. ஸ்டார்டியூ வாலி.

2016 பிப்ரவரியில் வந்த, பண்ணை வைத்து விவசாயம் செய்யும் கேம். எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் நாலரை வருடம் உட்கார்ந்து செய்தது. கணினியில் அது சேவ் ஆவது ஒரே நேரத்தில்தான், இரவில் படுக்கும்போது. கேமுக்குள் பத்து நிமிடம் என்பது நம் கடிகாரத்தில் சுமார் 7 செகண்டு. காலை 6 மணி முதல் நள்ளிரவு தாண்டி 2 மணி வரை கணக்குப் போட்டால் 14 நிமிடம். பையைத் திறந்தால், ஆளோடு பேசினால் கடிகாரம் நிற்கும், ஆகவே ஒரு நாள் 20 நிமிடம்கூட இழுக்கும். அந்த 20 நிமிடத்தில் எங்கே கரண்டு போனாலும் மறுபடி காலை 6 மணி, மறுபடி பூவாளி.

நியாயமும் சொல்ல வேண்டும். விற்பனைப் பெட்டியில் போட்ட பொருளுக்குக் காசு வருவது இரவில். பயிர் ஒரு படி வளர்வதும், காலையில் ஊற்றிய தண்ணீர் கணக்கு தீர்வதும் இரவில். பெட்டியடியில் நாள் முடிந்து கணக்கை மூடுவதுபோல எல்லாம் ஒரே இடத்தில் மூடப்படுகிறது. நடுவில் சேவ் வைத்தால் யார் எந்தத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறார், எந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று அத்தனையும் எழுதிவைக்க வேண்டும். புரிகிறது. புரிந்தாலும் கோபம் வருகிறது.

மோசமான நாள் வசந்தம் 13, முட்டைத் திருவிழா. ஸ்ட்ராபெரி விதை கடையில் கிடைப்பது அன்று. வாங்கி அன்றே நட்டால் 21, 25 என்று இரண்டு அறுவடை. திருவிழா முடிந்து வீடு திரும்பும்போது கேமில் இரவு 10 மணி ஆகியிருக்கும், மீதி சுமார் மூன்று நிமிடத்தில் மண் கிளறி, நட்டு, நீர் ஊற்றிப் படுக்க வேண்டும். திருவிழாவுக்குள் நுழைந்ததிலிருந்து படுக்கும்வரை ஒரு சேவ்கூடக் கிடையாது. வானம் கறுத்திருந்தால் அன்று கேமைத் திறக்காதீர்கள்.

நஷ்டம் ஒரு நாளோடு போனால் தப்பித்தோம். இரவு சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் கோப்பே கெடலாம், பண்ணை பட்டியலிலேயே தெரியாது. பதறி, புதுப் பண்ணை தொடங்கிவிட வேண்டாம். விண்டோஸில் ஆப்டேட்டா ரோமிங் கோப்புறைக்குள் ஸ்டார்டியூவாலி, அதற்குள் சேவ்ஸ், அதற்குள் ஒரு பெயரும் ஒரு நீண்ட எண்ணும் சேர்ந்த கோப்புறை. முதல் வேலை, அந்தக் கோப்புறையை அப்படியே டெஸ்க்டாப்பில் ஒரு நகல். உள்ளே அதே பெயரில் ஒரு கோப்பும் 'சேவ்கேம்இன்ஃபோ' என்று ஒன்றும் இருக்கும். இரண்டுக்குமே பெயர்க் கடைசியில் 'ஓல்டு' என்று ஒட்டிய ஜோடி உண்டு, அது முந்தைய இரவின் சேவ். கெட்ட இரண்டையும் வெளியே நகர்த்துங்கள். பழைய இரண்டின் பெயரிலிருந்தும் அடிக்கோட்டோடு சேர்த்து 'ஓல்டு' என்பதை நீக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் வேலைக்கு ஆகாது. பிறகு ஸ்டீம் 'கிளவுடில் (இணையத்தில் அது வைத்திருக்கும் நகலில்) உள்ளதா, கணினியில் உள்ளதா' என்று கேட்டால் கணினியில் உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

கிளவுடை நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. கேமை முறையாக மூடும்போதுதான் ஸ்டீம் கோப்பை மேலே ஏற்றும். கரண்டு போனால் மூடுவது எங்கே? போதாததற்கு நம் பழைய வீடுகளின் சுவர் கனம். ரவுட்டர் முகப்பில், கணினி இரண்டாம் கட்டில் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வளவு (நடுமுற்றம்) தாண்டுவதற்குள் செத்துவிடும். 2.4-க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். அதில் யு.பி.எஸ். மோடு, சாதா மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பல வீடுகளில் அது சாதா மோடில்தான் கிடக்கிறது. ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். கணினிக்குள் மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, மின்சாரம் இல்லாமல் தாங்குவது சுமார் 16 மில்லி செகண்டு, சாதா மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் அது கடந்துவிடும், கணினி ரீஸ்டார்ட் ஆகும். யு.பி.எஸ். மோடுக்குத் தள்ளினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தனி யு.பி.எஸ். வாங்குவதானால் பெட்டியில் போட்டிருக்கும் 600 வி.ஏ.வைப் பார்த்து மயங்காதீர்கள், பெரும்பாலும் அது 360 வாட்தான். ஆர்.டி.எக்ஸ். 3060 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே 170 வாட் கேட்கும். பிராசசர், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் எல்லையைத் தொட்டுவிடும்.

மற்ற இண்டி கேம்களில் சேவ் விஷயத்தில் தங்கம் என்றால் சீட்டு வைத்துச் சண்டை போடும் ஸ்லே தி ஸ்பயர். சண்டை நடுவில் அணைந்தாலும் அந்தச் சண்டையின் தொடக்கத்துக்கே வரும், அதே சீட்டுகள் கையில் இருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், பழைய லேப்டாப் போதும். அறை அறையாகச் சண்டை போட்டு முன்னேறும் ஹேடிஸும் அப்படியே. ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும் சேவ் ஆகிவிடுகிறது, கடைசி பாஸிடம் (பெரிய எதிரியிடம்) பாதி உயிர் போன நிலையில் கரண்டு போனால் உங்களுக்குத்தான் லாபம், கதவருகே இருந்த உயிரோடு மறுபடி தொடங்கலாம்.

ஹாலோ நைட் (2017) வேறு ரகம். சேவ் ஆவது வழியில் இருக்கும் பெஞ்சில் உட்காரும்போது. செத்தால் கையிலிருந்த ஜியோ (கேமின் காசு) முழுவதும் ஷேட் என்ற நிழலோடு அங்கேயே தங்கிவிடும், அதை எடுப்பதற்குள் மறுபடி செத்தால் போனது போனதுதான். கரண்டு போனால் கடைசி பெஞ்சில் எழுந்திருப்பீர்கள், நிழல் விழாது. சாவைவிட மின்வெட்டு இரக்கமுள்ளது! ஆனால் வரைபடத்தில் ஏமாறாதீர்கள். வரைபடம் எழுதும் குவில் என்ற இறகுப் பேனா வாங்கியிருந்தாலும், நடந்த வழி வரைபடத்தில் ஏறுவது பெஞ்சில் உட்காரும்போதுதான். புதுப் பகுதியில் பெஞ்ச் கண்ணில் பட்டால் சண்டை பாக்கி இருந்தாலும் ஒருமுறை உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

பெரிய ஆர்.பி.ஜி.களில் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் (2018) திமிர் பிடித்தது. நினைத்த இடத்தில் சேவ் செய்ய சேவியர் ஷ்னாப்ஸ் என்ற சாராயம் குடிக்க வேண்டும். அதை வாங்கவேண்டும், இல்லையென்றால் ஒயினில் மூலிகை போட்டுக் காய்ச்சவேண்டும். சொந்தப் படுக்கையில் தூங்கினாலும் சேவ், கதையின் சில கட்டங்களில் தானாகவும் சேவ். பிறகு 'வெளியேறும்போது சேவ்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கரண்டு போகும்போது வெளியேறும் பட்டனை யார் அழுத்துவது?

டிஸ்கோ எலிசியம் எழுத்துக்காக மட்டுமே எல்லாவற்றுக்கும் மேலே. சண்டையே கிடையாது, இரண்டு பகடையும் 24 திறன்களும்தான். பகடை உருட்டும் சோதனைகளில் வெள்ளை நிறத்தில் தோற்றால் அந்தத் திறனில் ஒரு புள்ளி ஏற்றி மறுபடி முயலலாம், சிவப்பு ஒரே முறை. பேச்சு நடக்கும்போது சேவ் செய்ய விடாது, சில பேச்சுகளோ நீண்டுகொண்டே போகும். ஆளை நெருங்கும் முன்பே சேவ் செய்துவிடுங்கள். ஆங்கிலம் கனமானது, வேகமாகப் படிக்கவராதவருக்கு இது தண்டனை.

பால்டர்ஸ் கேட் 3-ல் எஃப்5 அழுத்தினால் சேவ், குறை சொல்ல ஒன்றுமில்லை. 150 ஜி.பி. இடம் வேண்டும், எஸ்.எஸ்.டி. வேண்டும். 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் அத்தனையும் இறங்க மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல், பராமரிப்பு நாளுக்கு முந்தைய இரவே போட்டுவிடுங்கள். எல்டன் ரிங் தானாகவே ஓயாமல் சேவ் செய்துகொண்டிருக்கும், எல்லாக் கதாபாத்திரமும் ஒரே கோப்பில். அந்தக் கோப்பை வாரம் ஒருமுறை பென்டிரைவில் போட்டுவையுங்கள்.

வெண்பாவைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் திட்டுவார்கள். 2023-ல் வந்தது, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், கிழிந்த சமையல் குறிப்பை வைத்து இட்லியும் பிரியாணியும் செய்யும் புதிர். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கரண்டு போனால்கூட மனசு வலிக்காது. இட்லித் தட்டை எப்படி மாற்றி அடுக்கினால் ஆவி மேலேறும் என்று அது கேட்பதை நம்மூர் ஆச்சிமார் பார்த்தால் சிரிப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும் என்பதால் முடித்துவிட்டு ரீஃபண்டு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், தம்பி.

கணக்குப்படி பார்த்தால் நம் ஊருக்கு ஸ்லே தி ஸ்பயர், அடுத்தது ஹேடிஸ். ஆனால் ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஸ்டார்டியூ வாலியை வாங்குங்கள். இவ்வளவு திட்டிவிட்டு ஏன் என்று கேட்காதீர்கள். கரண்டு போகும் என்று தோன்றினால் கேமுக்குள் விடிந்ததும் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு உடனே படுத்தால் ஒரு நாள் மூன்று நிமிடத்தில் சேவ் ஆகிவிடும், அப்படியே ஓட்டிவிடலாம். போனிலும் வருகிறது. அதில் எந்த நிமிடம் வெளியே வந்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். பேட்டரி உள்ள போனுக்கு அந்த வசதியாம், சுவரில் சொருகிய கணினிக்குக் கிடையாதாம்.