டெரேரியம் கிட்: செடியில் குறையில்லை, ஜாடியின் வாயில்தான்

மூடிய கண்ணாடி ஜாடிக்குள் செடி வளர்ப்பதுதான் டெரேரியம். குழந்தைகளுக்கான டெரேரியம் கிட் ஒன்று இப்போது விலை குறைந்திருக்கிறது. "பையனுக்கு வாங்கலாமா? உங்க வீட்டுல இன்னும் உயிரோட இருக்கா?" என்று தோழி கேட்டாள். சென்னைக் கோடையைத் தாண்டியும் உயிரோடுதான் இருக்கிறது.

செடிகளைச் சரியாகவே தேர்ந்திருக்கிறார்கள். ஃபிட்டோனியா, சின்னப் பெரணி, ஒரு பிடி பாசி. மூடிய ஜாடியின் ஈரத்துக்கு இவை பொருந்தும். பல கடைகளில் சதைப்பற்றுச் செடிகளை மூடி போட்ட கண்ணாடிக்குள் வைத்து விற்கிறார்கள், அவை அழுகித்தான் போகும். இந்தக் கிட்டில் அந்த ஏமாற்று இல்லை.

ஆனால் அந்த ஜாடியின் வாய்! என் கை உள்ளே போகவே போகாது. ஆறு வயது மகளின் கை நுழையும், எதையாவது பிடித்துக்கொண்டால் வெளியே வராது. பெட்டியின் மேல் குழந்தை செடி நடுகிற மாதிரி படம். எங்கள் வீட்டில் கூழாங்கல், கரி, மண் எல்லாவற்றையும் காகிதக் கூம்பு வழியாகக் கொட்டியதும், நீள இடுக்கியால் செடியை நட்டதும் நான். அவள் வேடிக்கை பார்த்தாள். முடிந்ததும், "அம்மா, நான் எதுவுமே செய்யலையே" என்றாள். குழந்தைக்கென்று விற்கும் பொருளில் இதைவிடப் பெரிய குறை என்ன இருக்க முடியும்?

நட்டதோடு தொல்லை தீரவும் இல்லை. பழுத்த இலையை எடுக்க இடுக்கி, கண்ணாடியின் உட்புறம் துடைக்கக் குச்சியில் கட்டிய துணி. ஒவ்வொரு தடவையும் எரிச்சல்தான்.

கூட வந்த தாளில் வாரம் ஒருமுறை தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கிறது. மூடிய ஜாடிக்கு இது தவறான அறிவுரை. இலையிலிருந்து வெளியேறும் நீராவி கண்ணாடியில் படிந்து, வழிந்து, மறுபடி மண்ணுக்கே போகிறது. 1829-ல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட் ஓர் அந்துப்பூச்சிக் கூட்டை மண்ணோடு பாட்டிலில் மூடி வைத்தார். அதில் தானாக முளைத்த பெரணியும் புல்லும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இருந்தன. கண்ணாடி நாள் முழுக்க மங்கலாக இருந்தால் ஈரம் அதிகம், சில மணி நேரம் மூடியைத் திறந்து வைத்தால் போதும். அபூர்வமாகத் தெளிக்க வேண்டி வந்தாலும் போர் தண்ணீர் வேண்டாம், உப்புக்கறை படிகிறது. நான் ஆர்.ஓ. தண்ணீர்தான் தெளிக்கிறேன். நேர் வெயில் படும் ஜன்னலோரமும் கூடாது, உள்ளே வெந்துவிடும்.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் உண்டு. ஆரம்பத்தில் மண்மேல் வெள்ளைப் பூஞ்சை பிடித்தது. அப்புறம் பாசியோடு வந்த ஸ்பிரிங்டெயில்கள் பெருகி அதைத் தின்றுவிட்டன. எள்ளைவிடச் சிறியவை. ஆறு கால் உண்டு, ஆனால் பூச்சி வகுப்பில் சேர்ப்பதில்லை. வயிற்றின் அடியில் மடங்கியிருக்கும் முள்கரண்டி போன்ற உறுப்பால் தரையை உதைத்துத் துள்ளும். மகள் பூதக்கண்ணாடியோடு அங்கேயே குடியிருக்கிறாள். இதை எந்தப் பெட்டியிலும் எழுதவில்லை!

சரி, வாங்கலாமா? இவ்வளவு நன்றாக வளர்ந்த பிறகும் என் பதில், வேண்டாம். பெட்டிக்கடையில் மிட்டாய் போட்டு வைப்பார்களே, அந்த அகலவாய்க் கண்ணாடி ஜாடி ஒன்று வாங்கினோம். இஸ்திரிக் கடையில் எரிக்காத கரித்துண்டு கேட்டு வாங்கினோம். செடி நர்சரியில் கிடைத்தது. மண் போட்டது, குழி தோண்டியது, பெரணியை நட்டது எல்லாம் அவள்தான். நான் ஜாடியைச் சாயாமல் பிடித்துக்கொண்டேன், அவ்வளவே. பூஞ்சை வருவதற்குள் பழைய ஜாடியிலிருந்து ஒரு துண்டுப் பாசியும் மாற்றிவிட்டோம்.

தகர மூடி போட்டது மட்டும் வேண்டாம். வார்டின் செடிகள் செத்ததே மூடி துருப்பிடித்து மழைநீர் இறங்கியதால்தான். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி மூடியாகப் பார்த்து வாங்குங்கள்.